மலையைத் திருப்பி வைத்தவன்

கோவில்பட்டியில் சித்திரை மாதத்துப் பகல் பதினோரு மணிக்குப் பனி பெய்யும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சுதாராணி மேடம் வீட்டு மாடி. அங்கே இரண்டு மின்விசிறிகளும் உலைக்காற்றை அள்ளி முகத்தில் அறைய, பதினோரு பெண்களும் ஓர் ஆணும் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்து அட்டை அட்டையாகப் பனிமலை அடித்துக்கொண்டிருந்தார்கள். நெற்றி வியர்வை சொட்டி ஒரு மலை கரைந்தால் அதை ஏரியாக மாற்றிக்கொள்ள மேடம் அனுமதித்திருந்தார்.

வகுப்பின் பெயர் ‘கையால் செய்யும் வாழ்த்து அட்டை: இயற்கைக் காட்சிச் சிறப்புப் பயிற்சி’. இயற்கை, கனடாவில் இருக்கும் மேடத்தின் தங்கையிடமிருந்து ஒரு பெட்டியில் வந்து சேர்ந்திருந்தது. மூன்று அளவுகளில் பைன் மரம், புகைபோக்கி வைத்த மரவீடு, கிளைகிளையாகக் கொம்பு முளைத்த மான், மேலே வெள்ளை பூசிய மலை. எல்லாம் ரப்பர் அச்சுகள். இவற்றை வைத்துத்தான் மேடம் தீபாவளி வாழ்த்து செய்தார், பொங்கல் வாழ்த்து செய்தார், போன வருடம் ஒரு சடங்கு வீட்டுக்கு நாற்பது அட்டை செய்துகொடுத்தார். பூப்பெய்திய பிள்ளைக்கும் கொம்பு மானுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பாண்டியராஜனின் மனைவி கொடுத்தால் மான் என்ன, ஒட்டகச்சிவிங்கிகூட மங்களகரம்தான்.

வகுப்பில் இருந்த ஒரே ஆண் அசாருதீன். பி.காம். கடைசி வருடம். அவன் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தான் என்பது கல்லூரியில் பல நாள் விவாதிக்கப்பட்டது. பெண் பார்க்கப் போகிறான் என்று நண்பர்கள் முடிவு கட்டினார்கள். வகுப்பில் மிக இளையவருக்கே நாற்பத்திமூன்று வயது என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

உண்மையில் அவனைப் பிடித்து இழுத்தது அந்த வேலைதான். மற்ற எல்லாவற்றையும் கேலி செய்பவன் அதை மட்டும் கேலி செய்ததில்லை. கிட்டே இருப்பதை முதலில் அடிக்க வேண்டும். ஒரு மரம் என்று வைத்துக்கொள்வோம். அதே மரத்தை ஒட்டுத்தாளில் இன்னொரு தடவை அடித்து, ஓரம் பிசகாமல் கத்தரித்து, முதல் மரத்தின் மேல் ஒட்டிவிட வேண்டும். அதற்கு மாஸ்க் என்று பெயர். இப்போது அதன் மேலேயே மலையை அடிக்கலாம். மாஸ்க்கை உரித்தால் மரம் முன்னால் நிற்கும், மலை பின்னால் போய்விடும். சூரியனுக்கு வட்டமாக ஒரு துண்டை ஒட்டி, மேக்கப் போடும் பஞ்சால் சுற்றிலும் ஆரஞ்சு மையை ஒற்றி எடுத்து, துண்டை உரித்தால் போதும். ஒன்றுமே அடிக்காத இடத்தில் சூரியன் உதித்திருக்கும். அந்தப் பஞ்சை வாங்க அவன் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனபோது கடைக்காரர் அவன் கன்னத்தைப் பார்த்துவிட்டு, “எண்ணெய் வடியுற முகத்துக்கு இது தாங்காது தம்பி” என்று உண்மையான அக்கறையோடு சொன்னார்.

நான்காவது வாரம் அசாருதீன் கையைத் தூக்கினான்.

“மேடம், ஒரு சந்தேகம். இந்த மானு இங்கன தண்ணிக்கு எங்க போவும்?”

“அசார், இது கற்பனை. கற்பனைக்குத் தண்ணி வேண்டாம்.”

“அதுவும் சரிதான். நம்ம ஊருக்குத் தோதான மானு.”

பெண்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவன் தானே செதுக்கிய அச்சுகளைக் கொண்டுவந்தான். ஆன்லைனில் வரவழைத்த ரப்பர் பலகையில் ஒரு பனைமரம், ஒரு காற்றாலை, கொஞ்சம் பருத்திச் செடி, நாலு வேலிக்கருவை. கரிசல் காட்டுக்கு ஒரு நீளக் கறுப்புப் பட்டை. மேடம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வேலிக்கருவை வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஊரெல்லாம் மிஷின் வச்சு இதப் பிடுங்கிட்டு இருக்காங்க. நீ அட்டையில நடுதியா?”

“பிடுங்குனாலும் திரும்ப வந்துரும் மேடம். அச்சும் அப்படித்தான, எத்தன தடவ வேணும்னாலும் விழும்.”

“யாருப்பா இத வாங்குவா? காலண்டர்ல கூட சுவிட்சர்லாந்துதான் போடுதான். இந்த ஊரத்தான் தினமும் பாக்கமே, அத அட்டையில வேற பாக்கணுமா?”

அவனை ஊறுகாய் மாதிரி ஓரமாக உட்கார வைத்தார் மேடம். அவனும் ஓரத்தில் உட்கார்ந்து காற்றாலை அடித்தான்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி. அவன் அத்தா பீர் முகம்மது பேருந்து நிலையத்துக்கு எதிரே குடைக்கடை வைத்திருந்தார். மழையே எட்டிப் பார்க்காத ஊரில் முப்பது வருடமாகக் குடை விற்றுப் பிழைக்கிற மனிதருக்கு எந்த வியாபாரமும் நடக்கும் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது. மகனுடைய அட்டை வியாபாரம் மட்டும் விதிவிலக்கு. கடைக்கு மேலே ஓர் அறை, உடைந்த குடைக்கம்பிகளும் காலிப் பெட்டிகளுமாகக் கிடந்தது. அதைத் தனக்குக் கொடுத்தால் அட்டை செய்து விற்பேன் என்று அசாருதீன் கேட்டான்.

“ஏலே, படிச்சு முடிச்சுட்டு கல்லாவுல உக்காரு. வெட்டி ஒட்டுற வேலைக்கு ஒரு மாடியா?”

“அத்தா, இதுவும் தொழில்தான்.”

“தொழிலுன்னா ஊருல நாலு பேருக்குத் தெரியணும். ஒரு பத்திரிக்கையப் புரட்டுனா கடைசியில அச்சாபீஸ்காரன் பேரு இருக்கும் பாத்துருக்கியா? அந்த மாதிரி ஒரு கல்யாணப் பத்திரிக்கையில உம் பேரு வரட்டும், நானே அந்த ரூமக் கூட்டித் தாரேன். வரலையா, பரீட்சை முடிஞ்ச மறுநாள் கல்லாவுக்கு வந்துரு.”

பீர் முகம்மது சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். பேரம் பேசாத கடை என்று பலகையே வைத்திருந்தார். அன்று சாயங்காலமே அசாருதீன் ஒரு சின்ன அச்சு செதுக்கினான்: ‘கைவேலை: அசாருதீன், கோவில்பட்டி’. எழுத்து அச்சில் இடவலம் மாறி இருந்தால்தான் தாளில் நேராக விழும். மெல்லிய தாளில் பென்சிலால் எழுதி, தாளைக் கவிழ்த்து ரப்பரில் தேய்த்து இறக்கி, ஒவ்வொரு சுழியையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செதுக்கினான். தன் பெயர் விஷயத்தில் மனிதன் எவ்வளவு கவனமாக இருப்பானோ அவ்வளவு கவனம்.

பெயர் தயார். கல்யாணம்தான் இல்லை.

கல்யாணம் மேடத்தின் வீட்டிலேயே வந்தது. மகன் ஹரிக்குப் பெங்களூரில் வேலை. பெண் மேலக்கூனம்பட்டி சௌந்தரபாண்டியனின் மகள் கிருஷ்ணப்ரியா, அவளுக்கும் பெங்களூர்தான். மேடம் மகனுடைய பத்திரிகைக்காகப் பைன் மரத்தில் முப்பது மாதிரி அடித்து அனுப்பினார். ஹரி ஒற்றை வரியில் பதில் போட்டான்: “அம்மா, என்னோட வேலை பாக்கிறவங்க எல்லாம் நேட்டிவ் பிளேஸ் போடுறாங்க. நம்ம ஊர் மலை வேணும்.”

மேடம் இரண்டு நாள் வகுப்பு எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அசாருதீனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேடத்தின் கணவர் பாண்டியராஜனும் இருந்தார். அவர் பேசினால் எதிரே ஒலிபெருக்கி இருப்பதாகத் தோன்றும். “தம்பி, எங்க பூர்வீகம் கீழக்கூனம்பட்டி. எங்க மலை கூனமலை. அத மலைன்னு மட்டும் சொல்லப்படாது. அது எங்க மானம்.”

கூனமலையை மலை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். கழுகுமலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தும்மி முடித்துத் திரும்பினால் அது போயிருக்கும். மரம் கிடையாது, கோயில் கிடையாது, ஆடுகூட மேலே ஏறுவதற்கு யோசிக்கும். கரிசல் காட்டுக்கு நடுவே படுத்த காளை மாதிரி ஒரு பாறை, தெற்கே தலை, வடக்கே பின்பக்கம். அதற்குக் கிழக்கே கீழக்கூனம்பட்டி, மேற்கே மேலக்கூனம்பட்டி. இரண்டு ஊருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் உண்டு, பேச்சுவார்த்தை கிடையாது. காளை எங்கள் ஊரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறது, பக்கத்து ஊருக்கு முதுகைக் காட்டுகிறது என்று இரண்டு ஊரும் சொல்லும்.

இதெல்லாம் அசாருதீனுக்கு அப்போது தெரியாது. அவனிடம் இருந்தது பாண்டியராஜன் அனுப்பிய ஒரு புகைப்படம். அதில் அவர் கைகட்டி நின்றார், தோள்களுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் மலை தெரிந்தது. கோவில்பட்டிக்குக் குடிவந்த முப்பது வருடத்தில் அவர் அந்த மலையைப் பார்த்தது இப்படி முதுகால்தான்.

“மொத்தம் நூத்தி இருபது அட்டை. முக்கியமான ஆளுகளுக்கு மட்டும்” என்றார் மேடம். “உனக்கு என்ன வேணும்?”

“பின்பக்கத்துல எம் பேரு மேடம். சின்னதா.”

“இவ்வளவுதானா?” என்று மேடம் உடனே ஒத்துக்கொண்டார். பெரிய இடத்தில் அவர்களுக்குச் செலவு வைக்காமல் கேட்டால் எதுவும் கிடைக்கும்.

அசாருதீன் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வேலையில் இறங்கினான். பனை பழைய அச்சுதான், காற்றாலையும் தயார். மலை மட்டும் புதிது. புகைப்படத்தில் பாண்டியராஜனைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான். மலை நன்றாகத் தெரிந்தது. இடது பக்கம் தலை, நடுவே விரலுக்கு மேலே திமில், வலது பக்கம் சரிவு. கைபேசியைப் பார்த்துப் பார்த்து நேரே ரப்பரிலேயே வரைந்து செதுக்கினான். பாறைதானே, எழுத்தா என்ன? மெல்லிய தாளும் கவிழ்ப்பதும் பெயருக்கு. மலைக்கு யார் அத்தனை மெனக்கெடுவார்கள்?

ஒன்பது நாளில் நூற்றிருபது அட்டை. முன்னால் பனை, அதன் மேல் மாஸ்க், பின்னால் மலை, அதன் மேலும் மாஸ்க், அப்புறம் பஞ்சால் ஒற்றிய செவ்வானம், வட்டமாக உரித்தெடுத்த சூரியன். கடைசியில் ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் அவன் பெயர். அட்டைகள் அழகாக இருந்தன. அதை அவனே சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை. மேடம் ஒன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“பரவாயில்ல. கொஞ்சம் பனி போட்டிருக்கலாம்” என்றார்.

பாண்டியராஜன் ஒன்றைப் படம் பிடித்து அங்கேயே நின்று நாற்பது பேருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். “எங்க மலை!” என்று கீழே எழுதினார்.

முதல் பத்திரிகை உடன்பிறந்தவளுக்கு வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கீழக்கூனம்பட்டியில் இருந்த பாண்டியராஜனின் அக்கா வெயிலுகந்தம்மாள் ஊரில் யாருக்கும் பயப்படாதவர், ஊர் அவருக்குப் பயப்படும். வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்து நீட்டிய அட்டையை வாங்கி, கையைத் தூர நீட்டிப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு வாசலுக்கு நடந்து போய், அட்டையை மலைக்கு நேராகப் பிடித்தார்.

“ஏ பாண்டி. இது எவன் வீட்டு மலை?”

“என்னக்கா? நம்ம மலைதான்.”

“நம்ம மலைக்குத் தல எந்தப் பக்கம்?”

பாண்டியராஜன் மலையைப் பார்த்தார். தலை இடது கைப்பக்கம் இருந்தது. அட்டையைப் பார்த்தார். தலை வலது கைப்பக்கம் இருந்தது. அவருடைய தலை நடுவில் நின்றுவிட்டது.

“இது மேலக்கூனம்பட்டிக்காரன் அவன் வாசல்ல நின்னு பாக்குற மலை” என்றார் வெயிலுகந்தம்மாள். “பொண்ணெடுக்கப் போறவன் பொண்ணு வீட்டு மலைய அடிச்சு ஊருக்குக் குடுக்கான். ஏன், அவிய வீட்டுல போயே இருந்துக்கிடுதானா உம் மவன்?”

அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. அட்டை கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் வாங்கி, மலைக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “ஆமாடே” என்றார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் வரைபடத்தில் வங்காள விரிகுடாவைக் கேரளாவுக்கு அந்தப் பக்கம் குறித்தவர்கள் எல்லாம் அன்று திசையைத் துல்லியமாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், அட்டையைப் பின்பக்கமிருந்து வெயிலில் தூக்கிப் பிடித்தால் மலை சரியாக வருகிறதே என்று யோசனை சொன்னார். வந்தது. ஆனால் அப்படிப் பார்த்தால் மணமக்கள் பெயர் இடவலம் மாறி வந்தது.

அசாருதீனை உடனே வரச் சொல்லிப் போன் வந்தது. ஊர்க்கூட்டம் கலைந்த பிறகுதான் அவன் பேருந்திலிருந்து இறங்கி மலையைப் பார்த்தான். ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும், மலையைத் திருப்ப வேண்டியதில்லை என்று நினைத்த மகா மூளையைத் தலையோடு சுமந்துகொண்டு அவன் அந்த வீட்டுக்குள் நுழைந்தான்.

“ஏலே, மேலக்கூனம்பட்டியில எவன்கிட்ட என்ன வாங்குன?” என்று வெயிலுகந்தம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“எதுவும் வாங்கலை பெரியம்மா. அச்சு திருப்பி விழும். நாந்தான் கவனிக்கலை.”

“நீ கவனிக்கலைன்னா மலை திரும்பிப் படுத்துருமா?”

பாண்டியராஜன் ஒலிபெருக்கியை முழுதாகத் திறந்தார். “எல்லாத்தையும் மாத்து! புதுசா அடி!”

“அண்ணாச்சி, பத்திரிக்க வைக்க இன்னும் நாலே நாளுதான இருக்கு? நூத்தி இருபதுக்கு ஒம்பது நாளாச்சு.”

“அப்பம் உம் பேர எடு! எங்க மானத்த வாங்கிட்டு அதுக்குக் கையெழுத்து வேற போட்டுருக்கான்!”

அசாருதீன் மலையைப் பார்க்கவில்லை. குடைக்கடைக் கல்லாதான் அவன் கண் முன்னால் வந்தது. வலது பக்கம் பூட்டு, இடது பக்கம் அத்தாவின் மூக்குக்கண்ணாடி, மேலே பேரம் பேசாத பலகை. கடைசி வரைக்கும் அதற்குக் கீழே.

அந்த நேரம் பாண்டியராஜனின் கைபேசி அடித்தது. மேலக்கூனம்பட்டி சம்பந்தி, சௌந்தரபாண்டியன். பாண்டியராஜன் பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

“சம்பந்தி! வாட்ஸாப்புல படத்தப் பாத்தேன். பாத்ததும் கண்ணு கலங்கிட்டு! எங்க ஊருல நின்னு பாக்குற மலைய உங்க பத்திரிக்கையில போட்டுருக்கீகளே, எந்த மாப்ள வீட்டுக்காரன் இப்படிச் செய்வான்? எங்க ஊரே சொல்லுது, இப்படி ஒரு பெருந்தன்மைய நாங்க பாத்ததில்லன்னு. எங்க ஆளுகளுக்கு அறுவது அட்டை வேணும் சம்பந்தி, மறுக்கப்படாது. இது யாரு யோசனை?”

பாண்டியராஜனின் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. மூன்றாவது தடவை திறந்தபோது குரல் அடங்கி, தேனில் ஊறி வந்தது.

“நம்ம... நம்ம யோசனைதான் சம்பந்தி. பொண்ணக் குடுக்குற ஊரு. அந்த ஊருக்கு ஒரு மரியாத செய்யணும்லா.”

போனை வைத்ததும் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெயிலுகந்தம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் வைத்து, அதை மென்று முடிக்கும்வரை தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பெருந்தன்மையாமே” என்றார் கடைசியில்.

அதற்குப் பிறகு பாண்டியராஜன் எடுத்த முடிவைப் பார்த்தால் அவர் எப்படித் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஆனார் என்பது புரியும். மேலக்கூனம்பட்டிக்குப் போகிற அறுபது அட்டையில், பின்பக்கம் அசாருதீன் பெயர் இருந்த இடத்தில், தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் சொல்லித் தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டச் சொன்னார்: ‘எண்ணமும் ஆக்கமும்: கூனமலை பாண்டியராஜன்’. கீழக்கூனம்பட்டிக்கும் மற்றவர்களுக்கும் போகிற அறுபது அட்டையில் அசாருதீன் பெயர் அப்படியே இருக்கட்டும் என்றார்.

“அதுல மட்டும் எதுக்கு அண்ணாச்சி என் பேரு?”

“ஏலே, நாளைக்கு எங்க ஊருல எவனாவது, மலைய எவண்டா திருப்பி வச்சான்னு கேட்டா, நான் யாரக் காட்ட?”

பாராட்டு வருகிற பக்கம் அவர் பெயர், ஏச்சு வருகிற பக்கம் அவன் பெயர். அறுபது ஸ்டிக்கரையும் அசாருதீனே உட்கார்ந்து ஒட்டினான். மாஸ்க் என்பது உரிப்பதற்காக ஒட்டுவது. உரிக்காத மாஸ்க்கை அவன் அன்றுதான் முதல் தடவையாக ஒட்டினான். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தார். வேலையில் சுத்தம் வேண்டும் என்பது அவர் வகுப்பின் முதல் பாடம்.

அசாருதீனுக்கு இப்போது ஒரே கவலைதான். அத்தாவுக்கு வரப்போவது எந்த அட்டை? தன் பங்குக்குக் கேட்டு வாங்கிய ஓர் அட்டையை அவனே கொண்டுபோய்க் காட்டினான். பீர் முகம்மது கையில்கூட வாங்கவில்லை. “நீ அடிச்சு நீயே கொண்டாந்து காட்டுனா அது பத்திரிக்கையா? பாண்டியராஜன் அண்ணாச்சி கையால வைக்கட்டும். அதப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

பாண்டியராஜன் வெள்ளிக்கிழமை முற்பகலில் கடைக்கு வந்தார். பட்டுக்கரை வேட்டி, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் இரண்டு கட்டு. மஞ்சள் நூல் கட்டியது ஸ்டிக்கர் கட்டு, சிவப்பு நூல் கட்டியது மற்றது. கட்டியவன் என்பதால் அசாருதீனுக்கு அது தெரியும். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவன் பையையே பார்த்தான்.

“பாய், பையன் கல்யாணம். குடும்பத்தோட வந்துரணும்.”

“வராம இருப்பமா அண்ணாச்சி? அந்த அட்டையத்தான் ஊரே பேசுதே, காட்டுங்க.”

ஊரே பேசுகிறது என்றதும் பாண்டியராஜனின் முகம் மலர்ந்தது. கை தானாக மஞ்சள் நூலுக்குப் போனது. முடிச்சு அவிழ்ந்தது. ஒரு அட்டை பாதி வெளியே வந்தது. அசாருதீன் கல்லாவின் பூட்டைப் பார்த்துக்கொண்டான். இனிமேல் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கடையின் உள்பக்கம் ஒருவர் குடையை விரித்துத் துணியை வெளிச்சத்தில் சோதித்துக்கொண்டிருந்தார். விரித்த குடை அவர் முகத்தை மறைத்திருந்தது. பேச்சைக் கேட்டுக் குடை இறங்கியது. கீழக்கூனம்பட்டி சுடலைக்குமார். அன்று அட்டையை மலைக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடியவர்களில் அவரும் ஒருவர்.

“என்ன மொதலாளி, அந்த மலைய மாத்தி வச்ச அட்டைதானே? நல்லா இருக்குவே. எந்தப் பய வேல அது? ஊருக்குள்ள தேடிக்கிட்டு இருக்கோம்.”

பாண்டியராஜனின் கை மஞ்சள் நூலிலிருந்து சுட்டுக்கொண்டது போல விலகியது. பாதி வந்த அட்டை மறுபடியும் பைக்குள் போனது. சிவப்பு நூல் அவிழ்ந்தது. அதிலிருந்து ஒன்றை உருவி, முன்பக்கம் திருப்பாமல் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். குரல் பேருந்து நிலையம் வரைக்கும் கேட்டது.

“வேற எவன்! இந்தா, பேரே போட்டுருக்கு! பாய், நீங்களே படிச்சுச் சொல்லுங்க! நல்லாச் சத்தமா!”

பீர் முகம்மது மூக்குக்கண்ணாடியை மாட்டினார். அட்டையை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“கைவேலை. அசாருதீன். கோவில்பட்டி.”

“கேட்டீரா சுடலை?” என்றார் பாண்டியராஜன். “நான் இல்ல!”

“எழுத்து சுத்தமா விழுந்துருக்கு” என்றார் பீர் முகம்மது.

அவர் கல்லாவைத் திறந்து, சாவிக்கொத்திலிருந்து மாடி அறைச் சாவியைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். கம்பி எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட வேண்டும், காலிப் பெட்டி மட்டும் இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான். பாண்டியராஜனுக்கு அங்கே என்ன நடந்தது என்று விளங்கவில்லை. விளங்காத இடத்தில் நின்று பழக்கமில்லாததால், வெற்றிலை பாக்கைக்கூட வைக்காமல் அடுத்த கடைக்குப் போனார்.

மேலக்கூனம்பட்டியில் அந்த அறுபது அட்டையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறின என்று அசாருதீன் பிறகு கேள்விப்பட்டான். அங்கிருந்து அவனைத் தேடி ஓர் ஆள்கூட வரவில்லை. எண்ணமும் ஆக்கமும் வேண்டுமென்றால் தீப்பெட்டி ஆபீசுக்கல்லவா போவார்கள்? போனார்கள் என்றும் கேள்வி. பாண்டியராஜன் ஆர்டர் எடுப்பதில்லை என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டாராம். மேடம் மட்டும் ஒரு நாள் போனில் கேட்டார், வகுப்புக்கு அந்தப் பனைமர அச்சு கொஞ்ச நாள் கிடைக்குமா என்று. மான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

அறைக்கு முதலில் வந்தவர் சுடலைக்குமார்தான். படி ஏறி வந்து, காலிப் பெட்டிகளைத் தாண்டி, கையிலிருந்த அட்டையை மேசையில் தட்டினார்.

“நீதானலே மலையத் திருப்பி வச்சவன்?”

“நாந்தான் அண்ணாச்சி. பின்னாடியே போட்டுருக்கே.”

“அதப் பாத்துத்தானலே வாரேன். எங்க அக்கா மவளுக்கு அடுத்த மாசம் சடங்கு. எண்பது அட்டை. எங்க வாசல்ல நின்னு பாத்தா எப்படித் தெரியுமோ அப்படி இருக்கணும். தல இந்தப் பக்கம்.” இடது கையை நீட்டிக் காட்டினார். அசாருதீன் எழுதிக்கொண்டான். “மொத வேலையத் தப்பாச் செஞ்சவன் ரெண்டாவது வேலையப் பயந்துக்கிட்டே செய்வாம்னு எங்க ஊருல முடிவாயிருக்கு. இதுக்கப்புறம் காதுகுத்து ரெண்டு வருது, பால் காய்ச்சு ஒண்ணு வருது. எல்லாத்துக்கும் மலைதான்.”

“சரி அண்ணாச்சி.”

சுடலைக்குமார் படிவரைக்கும் போய்த் திரும்பினார்.

“இன்னொண்ணு. மலைக்குப் பின்னாடி அந்த மேலக்கூனம்பட்டி இருக்கே, அது ஒரு துளி தெரியப்படாது.”

அசாருதீன் ஒட்டுத்தாளையும் கத்தரிக்கோலையும் எடுத்து மேசையில் வைத்தான்.

“அதுக்குத்தான அண்ணாச்சி மாஸ்க் வச்சிருக்கேன்.”